அவரு சொல்ல வர்றது என்னன்னா

இந்தப் பக்கம் வெயிலடிக்கும், திரையை இழுத்து விட்டுக்கோங்க. பரவாயில்லைன்னுதான் சொல்லுவீங்க, திருச்சி தாண்டினதும் தலைவலின்னு நெத்தியைப் பிடிச்சுக்குவீங்க. கையை எடுங்க, நானே இழுத்து விடுறேன். ஆச்சு.

நான் இந்த ரயில்ல திண்டுக்கல்ல ஏறினேன். ரெஜினான்னு பேரு. சென்னைக்குத்தான் போறேன். கோட்டைக்கு. பயப்படாதீங்க, அரசியல் எல்லாம் இல்ல. அங்க சாயங்காலம் எங்க சங்கத்துக்கு ஒரு கூட்டம் இருக்கு. என்ன சங்கம்னு கேக்க வாயெடுத்தீங்க பாருங்க, அதைத்தான் சொல்ல வர்றேன். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். எங்க ஆளுகளுக்குன்னு மாநிலம் பூராவுக்கும் ஒரு சங்கம் இருக்கு. அதுக்கு நான்தான் ரொம்ப வருஷமா செயலாளர். போன மாசம் வரைக்கும்.

ஸ்பீச் தெரபின்னதும் மேடைப் பேச்சு சொல்லிக் குடுக்குறவன்னு நெனைச்சுருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான். ஒரு தடவை கட்சிக்காரர் ஒருத்தர் வெள்ளையும் சொள்ளையுமா வந்து உட்கார்ந்து, மைக்கைப் பிடிச்சா கை நடுங்குது மேடம், பொதுக்குழுவுக்குள்ள சரி பண்ணிடலாமான்னு கேட்டாரு. எங்க வேலை அது இல்லைங்க. பேச்சு வராத புள்ளைங்க, திக்குற புள்ளைங்க, காது கேக்காதவங்க. பக்கவாதம் வந்து பேச்சு போனவங்க. அவங்களுக்கு விழுங்குறதும் போயிடும் சில நேரம். ஒரு வாய் டீயைக் குடுத்துட்டு, புரையேறி உயிரே போனதெல்லாம் நான் பாத்துருக்கேன். டீயைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுங்கன்னு சொல்ல அந்த வார்டுல ஒரு ஆள் இருந்தாப் போதும். அந்த ஒரு ஆள்தான் எங்க கோரிக்கை. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணுலயும் எங்க ஆள் ஒருத்தர். அவ்வளவுதான்.

இதுக்கா இத்தனை வருஷம்னு தோணுது உங்களுக்கு. ஆமா, இதுக்குத்தான். மத்த சங்கம்னா ஆளுகளைத் திரட்டி வாசல்ல உட்கார வச்சுடுவாங்க. எங்க சங்கத்து ஆளுக மொத்தத்தையும் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில முதல் வரிசையில உட்கார வச்சுடலாம். நாங்க உட்கார்ந்தா எவன் திரும்பிப் பாப்பான். அதனால மனுதான். மனு குடுக்குறது, பரிசீலனையில் இருக்குன்னு பதில் வர்றது, மறுபடி மனு குடுக்குறது. அதிகாரி மாறினா முதல்லேருந்து. பேச்சு சிகிச்சைன்னா என்னன்னு அந்தப் புது அதிகாரிக்கு நான் மறுபடி ஆனா ஆவன்னாவுலேருந்து சொல்லணும். சொல்லுவேன். எனக்குச் சொல்றதுல அலுப்பே கிடையாது.

முறுக்கா? வேண்டாங்க, சுகர்.

முறுக்குல சுகர் இல்லைங்குறீங்க. மாவு மாவுதானே. நீங்க சாப்பிடுங்க.

நாச்சிமுத்து கதையைச் சொல்லிடுறேன், அப்பத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுல ஏலம் விடுறவரு. தக்காளிப் பெட்டி மேல ஏறி நின்னாருன்னா குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமாம். ஒரு நாள் காலையில ஏலத்துக்கு நடுவுல அப்படியே நின்னுட்டாரு. வாய் கோணிடுச்சு, பேச்சு இல்ல. சுத்தி நின்ன வியாபாரிங்க என்ன நெனைச்சாங்க தெரியுமா? விலை பத்தலைன்னு நிக்கிறாருன்னு நெனைச்சு அவனவன் ஏத்திக் கேட்டுருக்கான். அன்னைக்கு அந்தத் தக்காளி போன விலைக்கு வேற என்னைக்கும் போகலையாம். அப்புறம் சாய்ஞ்சுருக்காரு.

உயிரைக் காப்பாத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கை கால் கொஞ்சம் கொஞ்சமா வந்துடுச்சு. பேச்சு? அது அவ்வளவுதான், ஆண்டவன் விட்ட வழின்னு யாரோ சொல்லிட்டாங்க. அவரு சம்சாரம் மயிலாத்தா இருக்கே, அது பழனி மலை ஏறி மொட்டை போட்டுச்சு. ஒரு வருஷம் வீணாப் போச்சுங்க. அந்த ஊர்லயே எங்க ஆள் ஒருத்தர் இருந்துருந்தா அந்த வருஷம் வீணாப் போயிருக்குமா? கடைசியில யார் சொல்லியோ திண்டுக்கல்ல நான் இருக்குற டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாங்க.

பக்கவாதத்துல பேச்சு போனவங்களுக்குப் புத்தி போறதில்லைங்க. எல்லாம் உள்ள இருக்கும். வார்த்தைதான் கைக்கு எட்டாது. நாமளும் ஒருத்தர் பேரை மறந்துட்டு, நாக்கு நுனியில நிக்குதுன்னு தவிப்போமே, அவங்களுக்கு எல்லா வார்த்தையும் அப்படி. அதனால எங்க தொழில்ல முதல் பாடமே, காத்திருக்கணும். வார்த்தையை எடுத்துக் குடுக்கவே கூடாது. நாம எடுத்துக் குடுத்தா அவங்க தேடுறதை விட்டுடுவாங்க. வீட்டு ஆளுகதான் இதைக் கெடுக்குறது. பாசத்துல. அவரு வாயைத் தொறந்தாலே மயிலாத்தா, சோறா, தண்ணியா, பீடியான்னு வரிசையா ஒப்பிக்கும். நான் ஒரு நாள் பிடிச்சு ஏசிட்டேன். அந்த மனுஷன் வாயைத் தொறந்தா நீ உன் வாயை மூடு மயிலாத்தா, பழனியாண்டவர் பேரை மனசுக்குள்ள பத்துத் தடவை சொல்லு, அது வரைக்கும் பேசாதேன்னேன். பாவம், அன்னையிலேருந்து அது உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்துருக்கும். எங்களை மாதிரி வேதக்கார வீடுன்னா மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொல்லுவேன். நானும் அதைத்தான் சொல்றது.

மாசக்கணக்கா ஒண்ணுமே வரலை. வாராவாரம் பஸ்ல வருவாங்க, போவாங்க. ஒரு நாள் "ம"ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு, மேடம்னு சொல்லப் போறாருன்னு. "மயிலு"ன்னாரு. அந்தப் பொம்பளை அழுத அழுகை இருக்கே. சந்தோஷம்தான். கட்டின பொண்டாட்டி பேரைச் சொன்னா தப்பா என்ன. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. முழுசாப் பேசுவாரு, என்ன, நடுநடுவுல நிப்பாரு. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு போற மாதிரி. ஆனா போய்ச் சேர்ந்துடும்.

உங்க வீட்டுலயும் யாருக்கோ... இல்ல? யாருக்கோ இருக்கு, முகத்துலயே தெரியுது. சரி, அதை அப்புறம் பேசலாம்.

போன வருஷம் நிதித்துறையிலேருந்து எங்க மனு திரும்பி வந்துச்சு. அவசியம் என்னன்னு விளங்கலையாம். நான்தான் சங்கத்துல சொன்னேன், காகிதம் காகிதமாக் குடுத்தது போதும், ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போவோம், அவரே பேசட்டும்னு. யோசனை என்னோடது. யார் வேணா சொல்லட்டும், யோசனை என்னோடது. நாச்சிமுத்துவை விட்டா வேற யாரு? ஏலம் விட்டவரு, வாய் போயி, வாய் வந்தவரு. அவரு என்ன பேசணும்னு நானே தயார் பண்ணிக் குடுத்தேன். "எனக்குப் பேச்சு திரும்ப வந்துச்சு. எல்லாருக்கும் வரணும். எங்க ஊருக்கு ஒரு தெரபிஸ்ட் குடுங்க." சின்னச் சின்ன வாக்கியம், அவருக்கு வர்ற எழுத்தாப் பாத்துப் பாத்து. வாராவாரம் சொல்ல வச்சு, தண்ணி பட்ட பாடா ஆக்கிட்டேன்.

கோட்டையில அன்னைக்கு இருந்தது ஒரு லேடி அதிகாரி. நல்ல மாதிரிதான். பத்து நிமிஷம் குடுத்தாங்க. எங்க தலைவர், நான், என்கிட்ட வேலை கத்துக்கிட்ட தமயந்தின்னு ஒரு பொண்ணு, நாச்சிமுத்து, மயிலாத்தா. தலைவர் ரெண்டு வார்த்தை பேசிட்டு, அய்யா சொல்லுங்கன்னாரு. நாச்சிமுத்து எழுந்து நின்னாரு. உட்கார்ந்தே பேசுங்கன்னாங்க அந்தம்மா. இவரு உட்காரலை. ஏலக்காரரு இல்லையா, நின்னாத்தான் வரும் போல.

"எம்... மயிலாத்தா..."ன்னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் சொல்லிக் குடுத்ததுல மயிலாத்தாவே கிடையாதே. எனக்குப் பேச்சு திரும்ப வந்துச்சுன்னுதானே ஆரம்பிக்கணும். மறந்துட்டாரு மனுஷன். "எம் மயிலாத்தா... ஒரு... ஒரு..."ன்னு நிக்கிறாரு. நெத்தி வேர்க்குது. அந்த அதிகாரி பேனாவை மூடி வச்சுட்டு அவரையே பாத்துக்கிட்டு இருக்காங்க. மயிலாத்தா உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. தலைவர் இருக்காரு. ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலைங்க. எத்தனை வருஷத்து உழைப்பு, பத்து நிமிஷத்துல கரைஞ்சு போய்க்கிட்டு இருக்கு. யாராவது ஒருத்தர் காப்பாத்தணுமே. நான் சொன்னேன், "அவரு சொல்ல வர்றது என்னன்னா மேடம், அவருக்குப் பேச்சு திரும்ப வந்துச்சு, எல்லாருக்கும் வரணும், அவங்க ஊருக்கு ஒரு தெரபிஸ்ட் வேணும்கிறாரு."

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்த அதிகாரி, அவரே சொல்லட்டுமேம்மான்னாங்க. மரியாதைக்குச் சொல்றதுதானே அதெல்லாம். இவரு தலையை ஆட்டிட்டு உட்கார்ந்துட்டாரு. அதுக்கப்புறம் மிச்ச நேரம் பூரா நான்தான் பேசினேன். விடலை. விழுங்குறது, திக்குறது, ஆட்டிசம், ஒண்ணு விடாம. நல்லாத்தான் பேசினேன். வெளிய வந்ததும் தலைவர் விறுவிறுன்னு காரைப் பாத்துப் போயிட்டாரு. தமயந்தி என் முகத்தையே பாக்கலை. பொறாமைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஜெபமா? அவரு நின்னப்ப நான் அதைச் சொல்லிக் காத்திருந்தேனான்னா கேக்குறீங்க? என்னங்க நீங்க, பத்து நிமிஷத்துல அங்க உட்கார்ந்து ஜெபம் சொல்ல முடியுமா? அது வேற இடம்ங்க. ஆஸ்பத்திரி வேற, கோட்டை வேற.

அந்த வாரம் நாச்சிமுத்து வரலை. அடுத்த வாரமும் வரலை. நான் போன் பண்ணினேன். மயிலாத்தாதான் எடுத்துச்சு. "அவரு இனிமே வரலைங்குறாருங்க மேடம். அன்னைக்கு அவரு என்ன சொல்ல வந்தாருன்னா..."ன்னு இழுத்துச்சு. எனக்குத் தெரியாதா மயிலாத்தா, நான்தானே சொல்லிக் குடுத்தேன், மறந்துட்டாருன்னா அதுல வெக்கப்பட என்ன இருக்கு, வரச் சொல்லுன்னேன். அது சரிங்க மேடம்னு வச்சுடுச்சு. வரலை. அப்புறம் கேள்விப்படுறேன், தமயந்தி தனியா ஒரு ரூம் பிடிச்சு உட்கார்ந்துருக்கா, அங்க போறாராம். நான் எழுப்பின சுவத்துக்கு அவ சுண்ணாம்பு அடிக்கிறா.

இப்ப அந்த அதிகாரியே கூப்பிட்டு விட்டுருக்காங்க. இன்னொரு தடவை வாங்க, அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வாங்கன்னு. பட்ஜெட்டுக்கு முன்னாடி இதுதான் கடைசிக் கூட்டம். இதுல விட்டா மறுபடி ஆனா ஆவன்னாதான். சங்கம் என்ன பண்ணிச்சு தெரியுமா? தமயந்தியைச் செயலாளர் ஆக்கிடுச்சு. எனக்கு ஒரு பொன்னாடை. தலைவர் போன்ல சொல்றாரு, "ரெஜினா மேடம், இந்தத் தடவை நீங்க ரெஸ்ட் எடுங்களேன்"னு. ரெஸ்ட்டா? நான் தமயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன், சரிம்மா, நாச்சிமுத்து என்ன பேசப் போறாரு, என்ன தயார் பண்ணி வச்சுருக்கேன்னு. அவ சொல்றா, "ஒண்ணும் தயார் பண்ணலை மேடம். அவரு என்ன சொல்லப் போறாருன்னு எனக்கும் தெரியாது. அங்க சொல்லும்போது கேட்டுக்கலாம்." ஒரு சங்கம் கோட்டைக்குப் போயி இப்படியாங்க கோரிக்கை வைக்கும்? நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, உங்களுக்கே சிரிப்பு வருது.

அதனால கெளம்பிட்டேன். யாரும் கூப்பிடலை. உள்ள விடலைன்னா வெளிய பெஞ்சுல உட்கார்ந்துருப்பேன். அவரு மறந்துட்டாருன்னா எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல.

வீட்டுல இருந்து மட்டும் என்ன செய்யப் போறேன். எங்க வீட்டுக்காரர் தவறிப் போயி நாளாச்சு. பிரிட்டோன்னு பேரு. தங்கமான மனுஷன். கல்யாணமான புதுசுல நல்லாப் பேசுவாரு. அப்புறம் என்னவோ குறைஞ்சு போச்சு. கடைசிக் காலத்துல ஒரு நாளைக்கு ஒரு "ம்" வந்தாலே பெருசு. மக ஷெரின் கனடாவுல இருக்கா. ஞாயித்துக்கிழமை தவறாமக் கூப்பிடுவா. நான் அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்லுவேன். அவ கேட்டுட்டு, சரிம்மா, வைக்கட்டுமாம்பா. அப்பா மாதிரி, பேச்சே வராது அவளுக்கு. ஊருக்கெல்லாம் பேச்சு வர வச்சவ, என் வீட்டுல மட்டும் எல்லாம் ஊமை. சாயங்காலம் ஆனா டிவியைச் சத்தமா வச்சுட்டு அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன். சிரிக்காதீங்க. ரொம்பத் தனியா இருக்குங்க.

எனக்குப் பணம் காசு, பட்டம், பொன்னாடை ஒண்ணும் வேண்டாம். அந்த நாச்சிமுத்து வாயால ஒரே ஒரு வார்த்தை வேணும். "மேடம், உங்களாலதான்"னு. நான் குடுத்த வாய்தானே அது. எனக்கு ஒரு வார்த்தை செலவு பண்ணக் கூடாதா? நாங்க கேட்ட வேலைக்கு அனுமதி வந்து, ஊருக்கு ஊர் ஆள் போட்டு, என் பேரை எங்கயும் போடாம விட்டாக்கூடப் பரவாயில்லை. அவரு ஒரு வார்த்தை சொன்னா நான் திண்டுக்கல்லுக்கு நிம்மதியாத் திரும்பிடுவேன்.

இதே ரயில்லதான் வர்றாங்க. நாச்சிமுத்து, மயிலாத்தா, தமயந்தி, மூணு பேரும். திண்டுக்கல் பிளாட்பாரத்துலயே பாத்தேன், தூண் பக்கமா ஒதுங்கிக்கிட்டேன். அடுத்த பெட்டி.

இருங்க. திரும்பாதீங்க. அந்தா வர்றாரு. அந்தக் கதவுகிட்ட, வெள்ளைச் சட்டை, கம்பு ஊன்றிக்கிட்டு. டீக்கு வர்றாரோ என்னவோ. பாத்துட்டாரு. இங்கதான் வர்றாரு. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க.

வாங்க நாச்சிமுத்து. நல்லா இருக்கீங்களா? நல்லா இருக்கீங்க, பாத்தாலே தெரியுது... என்ன? தண்ணி வேணுமா? இல்லையா... மயிலாத்தா அங்க உட்கார்ந்துருக்குங்குறீங்க, தெரியும், பாத்தேன்... கூட்டத்துக்குப் பயமா இருக்கா? பயப்படாதீங்க, நான் வர்றேன்ல, வாசல்லயேதான் இருப்பேன்... எதுக்கு இப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு... ம்... கோவமா இருக்கேனான்னு கேக்குறீங்க. எனக்கு உங்க மேல என்ன கோவம், அதெல்லாம் ஒண்ணும் இல்ல. போன தடவை மறந்துட்டீங்க, விடுங்க, வயசு... என்ன, ம-ன்னு என்ன? மாத்திரை போடலையா? மாத்திரை மயிலாத்தாகிட்ட இருக்கும், போய் வாங்கிப் போடுங்க. வண்டி ஆடுது, பாத்து. கம்பை நல்லா ஊன்றிக்கோங்க. போங்க, போய் உட்காருங்க. சீட்டைப் பிடிச்சுக்கிட்டே போங்க.

பாத்தீங்களா?

உங்க கண்ணு முன்னாடிதானே. இவ்வளவு தூரம் வந்து நின்னாரு, கையைப் பிடிச்சாரு, கண்ணு கூடக் கலங்கியிருந்துச்சு. ஒரு வார்த்தை சொன்னாரா? வாயைத் தொறந்தாரு, மூடினாரு, போயிட்டாரு. இவ்வளவுதாங்க மனுஷங்க.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஏதோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க, கேக்குறேன். திண்டுக்கல்லேருந்து நான்தானே பேசிக்கிட்டு வர்றேன், நீங்களும் ஏதாவது பேசுங்க. ம்? சொல்லுங்க.

சரி விடுங்க, தெரியும். அவருக்காக மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னுதானே சொல்ல வந்தீங்க.